காது நுனியில் எழுதப்படும் வம்சாவளி

மலையில் மேயும் செம்மறி மந்தைகளில் எந்தக் குட்டிக்கு எந்தக் கிடாய் தகப்பன் என்று நேற்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. வேல்ஸ் முதல் நியூசிலாந்து வரை அந்தக் கேள்விக்கு இப்போது டிஎன்ஏ பதில் சொல்கிறது. மலையாடுகளின் எதிர்காலத்தை அது எப்படி மாற்றுகிறது?

ஏப்ரல் பாதியில்தான் வேல்ஸ் நாட்டு மலைகளில் புல் தளிர்க்கும். வெல்ஷ் மலையாடுகள் குட்டி போடுவதும் அந்தச் சமயத்தில்தான். கொட்டகை கிடையாது, வைக்கோல் படுக்கை கிடையாது. பாறை மறைவிலோ புதர் ஓரத்திலோ ஒதுங்கி, மழைக்கும் குளிர்காற்றுக்கும் நடுவே தாய் தானாகவே ஈனும். நக்கித் துடைத்து, பால் கொடுத்து, குட்டியை எழுப்பி நிறுத்தும். மேய்ப்பர் நாயோடு ஒரு சுற்று வந்து, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போவார். சிக்கல் என்றால் மட்டுமே கிட்டே நெருங்குவார்.

சில வாரங்கள் கழித்து, மலையை வளைத்து மந்தையைக் கீழே இறக்கும்போதுதான் பல குட்டிகள் முதன்முறையாக மனிதர் கையில் படுகின்றன. அதற்குள் நூற்றுக்கணக்கான தாய்களும் குட்டிகளும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நல்ல சதைப்பிடிப்போடு ஒரு கிடாய்க்குட்டி கண்ணில் படுகிறது. அதன் தாய் எது? பட்டியில் அடைத்த நெரிசலில் கண்டுபிடிக்க வழியில்லை. தகப்பன்? நவம்பரில் அந்த மலையில் விட்ட பொலிகிடாய்களில் ஏதோ ஒன்று. தலைமுறை தலைமுறையாக மலை மேய்ப்பர்களின் அறிவு இந்த இடத்தில் வந்து நின்றுவிடும்.

இப்போது குட்டியின் காதிலிருந்து எள்ளளவு தசையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். தாய் இன்னது, தகப்பன் இன்னது என்று பட்டியல் வந்துவிடுகிறது. ஈனும் நேரத்தில் யாரும் தாயைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. சமவெளி ஆடுகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கிடைத்துவந்த அறிவியல் தேர்வின் பலன், மலையாடுகளுக்கு எட்டாமல் இருந்தது. அவற்றின் வாழ்க்கை முறையை மாற்றாமலே அந்தப் பலனைக் கொண்டுபோய்ச் சேர்க்க இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது.

காதில் வெட்டு, முதுகில் சாயம்

மலை மந்தைகளுக்குப் பதிவேடு என்பது புதிய விஷயம் இல்லை. 1817-ல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஜோசப் வாக்கர் என்பவர் மேய்ப்பர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஆட்டின் படம். எந்தப் பண்ணை ஆட்டுக்கு எந்தக் காதில் என்ன வெட்டு, உடம்பின் எந்தப் பக்கம் எந்த நிறச் சாயம் என்று அதில் குறித்திருப்பார்கள். வேலி இல்லாத பொது மேய்ச்சல் மலையில் அடுத்தவர் மந்தையோடு போய்ச் சேர்ந்துவிட்ட ஆட்டை உரியவரிடம் ஒப்படைக்க இந்தப் புத்தகம்தான் சாட்சி. இதே வழியில் வடக்கு இங்கிலாந்தில் மேலும் பல வழிகாட்டிகள் வந்தன.

காதின் வெட்டு ஆடு யாருடையது என்று சொன்னது. யாருக்குப் பிறந்தது என்று சொல்லவில்லை.

பிறப்பைப் பார்த்து இனத்தைப் பெருக்கும் கலையில் பெரிய பெயர், லெஸ்டர்ஷயரின் டிஷ்லி பண்ணையில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் (1725–1795). அவர் தம் கிடாய்களை விற்பதைவிட ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுவதையே விரும்பினார். பிறர் பண்ணைகளில் அவற்றுக்குப் பிறந்த குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று கவனித்து, எந்தக் கிடாய் உண்மையில் சிறந்தது என்று முடிவு செய்தார். கிடாயின் தரத்தை அதன் குட்டிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்ற எண்ணம் அப்படி வேர்விட்டது. 1882-ல் ஷ்ராப்ஷயர் ஆடு வளர்ப்போர் சங்கம் அமைத்து மந்தைப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். பிறகு மலை இனங்களுக்கும் சங்கங்கள் வந்தன. ஸ்காட்லாந்தின் கருமுக ஆட்டுக்கு 1901-ல், ஏரி மாவட்டத்தின் ஹெர்ட்விக் ஆட்டுக்கு 1916-ல்.

ஆனால் மலை இனங்களின் பதிவேடுகள் பெரும்பாலும் மந்தையையும் கிடாயையும் பதிந்ததோடு நின்றன. ஒவ்வொரு பெட்டையாட்டுக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் தனி வரி எழுத அங்கே வழி இருக்கவில்லை. கிர்க்பி ஸ்டீபன், ஹாஸ், லனார்க் போன்ற ஊர்களில் இலையுதிர் காலத்தில் கூடும் கிடாய்ச் சந்தைகளில் கொம்பின் வளைவு, முகத்தின் நிறம், காலின் உறுதி, கம்பளியின் அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்தே ஏலம் ஏறும்.

அந்தப் பார்வைக்கு மதிப்பு உண்டு. பனியிலும் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும் இனங்களை இருநூறு ஆண்டுகளாகக் காத்தது அதுதான். என்றாலும் கண்ணுக்குத் தெரியாதவை நிறைய உண்டு. ஒரு கிடாயின் மகள்கள் எவ்வளவு பால் கொடுக்கும், எத்தனை குட்டியை உயிரோடு வளர்த்தெடுக்கும், குடற்புழுவை எப்படித் தாங்கும் என்பதெல்லாம் கொம்பில் எழுதியிருப்பதில்லை. அவற்றை அறிய, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற கணக்கு வேண்டும்.

சமவெளிக் கணக்கு மலை ஏறாது

சமவெளிப் பண்ணையில் இந்தக் கணக்கு எளிது. வேலி போட்ட ஒரு வயலில் ஒரே ஒரு கிடாய். அதன் மார்பில் சாயம் பூசியிருப்பார்கள். சேர்ந்த பெட்டையின் முதுகில் சாயம் ஒட்டும். பிறகு கொட்டகையில் குட்டி பிறந்ததும் தாயின் எண்ணைப் பார்த்துக் குட்டிக்குக் காது வில்லை மாட்டிவிடலாம். தாய், தகப்பன் இரண்டும் பதிவாகிவிடும்.

மலையில் இந்த ஏற்பாடு ஒவ்வொரு படியிலும் சறுக்குகிறது. முதலாவது சிக்கல், இடம். மலையாடுகளுக்கு மலையில் தனித்தனிப் பகுதி உண்டு. எங்கே புல் இருக்கும், புயலடித்தால் எங்கே ஒதுங்கலாம் என்பதைத் தாயோடு சேர்ந்து மேயும்போதே மகள் கற்றுக்கொள்கிறாள். வேலி இல்லாமலே மந்தை தன் எல்லைக்குள் நிற்பது இந்தப் பழக்கத்தால்தான். அப்படிப்பட்ட மந்தையைப் பல கூறாக்கி, கிடாய்க்கு ஒன்றாகப் பிரித்து அடைத்தால் அந்தப் பழக்கம் குலையும். அடைப்பதற்கு வேலி போட்ட வயல்களும் மலையடிவாரத்தில் கொஞ்சம்தான்.

இரண்டாவது, கிடாயின் எண்ணிக்கை. மலையில் பல கிடாய்களைச் சேர்த்து விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று நொண்டியானாலோ மலடாக இருந்தாலோ மற்றவை ஈடுகட்டும். ஒரே கிடாயை நம்பி அது ஏமாற்றிவிட்டால், பதினேழு நாளுக்கு ஒருமுறை வரும் பருவச் சுழற்சிகள் வீணாகி, வசந்தத்தில் குட்டியே இருக்காது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். ஈன்ற முதல் சில மணி நேரத்தில், வாசனையைப் பிடித்துத்தான் தாய் தன் குட்டியை அடையாளம் கண்டுகொள்கிறது. அந்த நேரத்தில் காது வில்லையும் இடுக்கியுமாக மனிதர் நெருங்கினால், மனிதரை அதிகம் பார்த்துப் பழகாத மலையாடு மிரண்டு ஓடும். இரட்டைக் குட்டி என்றால் ஒன்று பின்தங்கிவிடும். பதிவேட்டுக்காக ஒரு குட்டியைப் பலி கொடுப்பது எந்த மேய்ப்பருக்கும் சம்மதமில்லை.

இத்தனை பாடுபட்டு எழுதினாலும் கணக்கு சரியாக இருக்கும் என்று உறுதியில்லை. ஈனப்போகும் தாய் பக்கத்துத் தாயின் குட்டியைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வது மந்தைகளில் சாதாரணமாக நடப்பது. பதிவேட்டில் திருடிய தாயின் எண்தான் ஏறும். 1993-லேயே நியூசிலாந்து விஞ்ஞானிகள், ஆட்டு வம்சாவளிப் பதிவுகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை எழுப்பி, பதிவு மந்தைகளில் பிழைகள் இருப்பதைக் காட்டினார்கள். 2002-ல் பிரிட்டனின் கறவை மாடுகளில் நடந்த ஆய்வு, ஏறத்தாழ 10 சதவீத மாடுகளுக்குத் தகப்பன் பெயர் தவறாகப் பதிவாகியிருப்பதாகக் கண்டது. செயற்கைக் கருவூட்டலில், எண்ணிட்ட குச்சியில் விந்து வரும் தொழிலிலேயே இந்த நிலை.

எட்டில் ஒன்று

பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984 செப்டம்பர் 10-ம் தேதி காலை, எக்ஸ்ரே படலம் ஒன்றைக் கழுவி எடுத்துப் பார்த்த அலெக் ஜெஃப்ரிஸ், ஒவ்வொருவரின் டிஎன்ஏ வரிகளும் வேறுபடுவதையும், பிள்ளையின் வரிகள் பெற்றோரிடமிருந்து வந்தவை என்பதையும் கண்டார். அடுத்த ஆண்டே அந்த முறை முதன்முதலாக ஒரு வழக்கில் பயன்பட்டது. கானா நாட்டுப் பின்னணி கொண்ட ஒரு சிறுவன் உண்மையிலேயே அந்தத் தாயின் மகன்தானா என்ற குடியேற்ற வழக்கு அது. மகன்தான் என்று டிஎன்ஏ நிரூபித்தது. பெற்றோரை உறுதி செய்வதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் வேலை.

செம்மறியாட்டின் ஒவ்வொரு செல்லிலும் 27 ஜோடி குரோமோசோம்கள். ஜோடியில் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. டிஎன்ஏ-வின் நீண்ட எழுத்து வரிசையில் ஆட்டுக்கு ஆடு ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறுபடும் இடங்கள் லட்சக்கணக்கில் உண்டு. இவற்றுக்கு எஸ்என்பி என்று பெயர். பெற்றோரைக் கண்டுபிடிக்க இவற்றில் சில நூறு இடங்களே போதும்.

கணக்கு இப்படிப் போகிறது. ஒரு இடத்தில் 'அ' அல்லது 'ஆ' என்று இரண்டு வடிவங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குட்டியிடம் இருப்பது 'அஅ'. ஒரு கிடாயிடம் இருப்பது 'ஆஆ'. அந்தக் கிடாய் தகப்பனாக இருந்திருந்தால் குட்டிக்கு ஒரு 'ஆ'வாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதால் அந்தக் கிடாயை ஒதுக்கிவிடலாம். இரண்டு வடிவங்களும் மந்தையில் சம அளவில் இருந்தால், உறவில்லாத ஒரு கிடாய்க்கும் குட்டிக்கும் இப்படி முரண்பாடு வருவதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. நூறு இடங்களைப் பார்த்தால் சராசரியாகப் பன்னிரண்டு முரண்பாடுகள் தெரியும். உண்மையான தகப்பனிடம், ஆய்வகப் பிழையைத் தவிர, ஒன்றுகூட இருக்காது. சம்பந்தமில்லாத கிடாய் இந்த நூறு இடங்களிலும் தப்பித்து வருவதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் இரண்டைக்கூட எட்டாது.

மலை மந்தையில் கணக்கு இன்னும் சூடுபிடிக்கும். ஏனென்றால் அங்கே விடப்படும் கிடாய்கள் அண்ணன் தம்பிகளாக இருக்கலாம். தகப்பனின் கூடப்பிறந்த கிடாயைச் சோதித்தால் முரண்பாடு பதினாறில் ஒன்றாகக் குறையும். நூறு இடங்களில் ஆறுதான் தெரியும். எத்தனையோ குட்டிகளை எத்தனையோ கிடாய்களோடு ஒப்பிடும்போது, ஓரிரு குட்டிகளுக்குச் சித்தப்பா தகப்பனாகப் பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. இதனால்தான் சோதிக்கும் இடங்களைக் கூட்ட வேண்டியிருக்கிறது. தாயின் மாதிரியும் கையில் இருந்தால் முடிவு மேலும் உறுதிப்படும்.

1990-களில் இந்த வேலைக்கு மைக்ரோசாட்டலைட் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள். செலவும் நேரமும் அதிகம். 2009-ல் உலக ஆட்டு மரபணு விஞ்ஞானிகளின் கூட்டு முயற்சியால், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்என்பி-களை ஒரே வீச்சில் படிக்கும் சில்லு வந்தது. அதைக் கொண்டு 74 இனங்களைச் சேர்ந்த 2,819 ஆடுகளைப் படித்து, 2012-ல் உலகச் செம்மறிகளின் மரபு வரைபடத்தை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் தலைமையிலான குழு, பல நாட்டு இனங்களிலும் பெற்றோரைக் கண்டறியப் பயன்படும் 163 எஸ்என்பி-களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த வித்தை, மலை மேய்ப்பர் கைக்கு எட்டும் சேவையாக மாறியது இப்படித்தான்.

ஆளில்லாத தீவில் ஒரு குடும்ப மரம்

மேய்ப்பரே இல்லாத மந்தைக்குக்கூட வம்சாவளி எழுதலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஹிர்ட்டா தீவு சாட்சி. அது அடங்கிய செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தின் மக்கள் 1930-ல் ஊரைக் காலி செய்து வெளியேறினார்கள். 1932-ல் அருகிலுள்ள சோய் தீவிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து ஹிர்ட்டாவில் விட்டார்கள். அன்றிலிருந்து அவை யாருடைய கவனிப்பும் இல்லாமல் பெருகியும் மடிந்தும் வருகின்றன. 1985 முதல் விஞ்ஞானிகள் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பின்தொடர்கிறார்கள். தாயைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தகப்பனை அப்படிக் குறிக்க முடியாது. நவம்பர் பருவத்தில் ஒரு பெட்டை பல கிடாய்களோடு சேரும். இரட்டைக் குட்டிகளில் ஒன்றுக்கு ஒரு தகப்பன், மற்றதற்கு வேறு தகப்பன் என்பதும் அங்கே உண்டு.

டிஎன்ஏ மூலம் தகப்பன்களைக் கண்டறிந்து உருவான அந்தக் குடும்ப மரம் பல கண்டுபிடிப்புகளுக்கு அடித்தளம் ஆனது. 2013-ல் வெளியான ஆய்வு அவற்றில் ஒன்று. பெரிய கொம்பு கொடுக்கும் மரபணு வடிவம் கிடாய்க்கு அதிகக் குட்டிகளைத் தருகிறது. சிறிய கொம்பு வடிவம் அதிக ஆயுளைத் தருகிறது. இரண்டிலும் ஒவ்வொன்று வைத்திருக்கும் கிடாய் இரண்டு வகையிலும் நன்றாக இருக்கிறது. எந்தக் கிடாய்க்கு எத்தனை பிள்ளை என்று தெரியாமல் இந்த உண்மையைத் தொட்டிருக்கவே முடியாது.

உலகின் மிகப் புகழ்பெற்ற செம்மறியின் பிறப்புக்கும் டிஎன்ஏ-தான் சான்றிதழ் கொடுத்தது. 1996 ஜூலை 5 அன்று எடின்பரோ அருகே ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் பிறந்த டாலியைச் சுமந்தது ஒரு கருமுக மலையாடு. டாலியின் முகமோ வெள்ளை. அது ஃபின் டார்செட் ஆட்டின் மடிச் செல்லிலிருந்து உருவான நகல் என்று அறிவித்தபோது, கலப்போ குழப்பமோ நடந்திருக்கலாம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 1998-ல் டிஎன்ஏ ஒப்பீட்டு முடிவுகள் வெளியாகிச் சந்தேகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அந்தப் பரிசோதனையைச் செய்தவர்களில் ஒருவர், அதே அலெக் ஜெஃப்ரிஸ்.

வேல்ஸ் காட்டிய வழி

வேல்ஸின் இறைச்சித் துறை மேம்பாட்டு அமைப்பான ஹபி கிக் கம்ரி, மலைக் கிடாய்களுக்கென்றே ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. வேல்ஸ் அரசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊரக வளர்ச்சி நிதியும் கைகொடுத்தன. மலை மந்தைகளில் டிஎன்ஏ மூலம் பெற்றோரைப் பதிந்து, செயல்திறன் கணக்கோடு கிடாய்களைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை உண்டாக்குவதுதான் நோக்கம்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. கிடாய்களை மலையில் விடுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் காதிலிருந்தும் மாதிரி எடுத்துவிடுவார்கள். பெட்டைகளுக்கு ஆயுளில் ஒருமுறை எடுத்தால் போதும். குட்டிகள் எட்டு வார வயதில் எப்படியும் பட்டிக்கு வரும். அப்போது இடுக்கி போன்ற கருவியால் காதில் ஒரு சிறு துளை போட, வெட்டிய தசைத் துணுக்கு நேராக ஒரு சின்னக் குப்பிக்குள் விழும். குப்பியின் எண்ணும் காது வில்லையின் மின்னணு எண்ணும் ஒன்றாகப் பதிவாகும். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பிரிட்டனின் ஆடுகளுக்கு மின்னணு அடையாளம் கட்டாயம் ஆனதால், எண்ணைக் கையால் எழுதும்போது நேரும் பிழையும் குறைந்திருக்கிறது. அன்றே குட்டியின் எடையும் குறிக்கப்படும். ஏறத்தாழ இருபது வார வயதில் மறுபடியும் எடை பார்த்து, அல்ட்ராசவுண்ட் மூலம் முதுகுத் தசையின் கனத்தையும் கொழுப்பின் அளவையும் அளப்பார்கள்.

ஆய்வகம் தரும் பெற்றோர் பட்டியலோடு இந்த எடைகள் சேரும்போதுதான் உண்மையான பலன் தெரிகிறது. ஒரு குட்டி கனமாக இருப்பதற்கு மரபு காரணமாக இருக்கலாம், தாய் மேய்ந்த சரிவில் புல் செழித்ததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தெடுக்கும் புள்ளியியல் முறையை, 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ஹெண்டர்சன் வகுத்தார். ஒரே மலையில், ஒரே பருவத்தில் வளர்ந்த குட்டிகளை ஒப்பிட்டு, அண்ணன் தம்பி, சித்தப்பா, அத்தை என்று எல்லா உறவுகளின் கணக்கையும் சேர்த்து, ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு இனவிருத்தி மதிப்பீட்டை அந்த முறை கொடுக்கிறது. பிரிட்டனில் இந்த மதிப்பீடுகளை சிக்னெட் என்ற சேவை கணக்கிடுகிறது.

மலையாட்டுக்கு இதில் மிக அருமையானது, தாய்மைத் திறன் என்ற மதிப்பீடு. எட்டு வாரத்தில் குட்டியின் எடையில் பெரும் பங்கு தாயின் பாலுக்கும் பராமரிப்புக்கும் உரியது. எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று தெரிந்தால்தான் நல்ல தாய்களை அடையாளம் காண முடியும். அந்தத் தாய்களின் தகப்பன்களை அறிந்தால், எந்தக் கிடாயின் வழியில் நல்ல தாய்கள் வருகின்றன என்றும் சொல்லலாம். கிடாய்க்குத் தானாகப் பால் சுரப்பதில்லை. அதன் மகள்களிடம் வெளிப்படும் அந்தக் குணத்தைச் சந்தையில் எந்தக் கண்ணும் பார்த்துவிட முடியாது.

செவியட் போன வழி

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக நிற்கும் செவியட் குன்றுகளின் வெள்ளை முக ஆடு, உலகின் பல மலைகளில் தன் ரத்தத்தைக் கலந்திருக்கிறது. நியூசிலாந்தின் மாஸி கல்லூரியைச் சேர்ந்த ஜெஃப்ரி பெரன், செவியட்டையும் ராம்னியையும் கலந்து பெரண்டேல் என்ற இனத்தைக் குன்றுப் பகுதிகளுக்காகவே உருவாக்கினார். அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஆடுகளை வேலி போட்ட குன்றுகளில் விட்டு, தலையீடு இல்லாமல் ஈனவிடுவது வழக்கம். இதனாலேயே டிஎன்ஏ பெற்றோர் பரிசோதனையை 2000-களிலேயே வணிகச் சேவையாக ஏற்றுக்கொண்ட முன்னோடி நாடுகளில் ஒன்றாக அது ஆனது. டனீடன் அருகே இன்வர்மே ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறையின் முக்கிய மையம். மீத்தேன் குறைவாக வெளிவிடும் ஆடுகளை மரபுவழியில் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சியும் அங்கேதான் வேரூன்றியது. தகப்பன் கணக்கு சரியாக இருந்ததால்தான் அந்தத் தேர்வு சாத்தியமானது.

செவியட்டின் இன்னொரு வழி நம் நீலகிரிக்கு வருகிறது. 19-ம் நூற்றாண்டில் உருவான நீலகிரி செம்மறியில் கோயம்புத்தூர் ஆடு, டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகியவற்றின் கலப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். எதில் எவ்வளவு பங்கு என்று எழுதிவைத்தவர் இல்லை. எண்ணிக்கை சுருங்கிவிட்ட இந்த இனத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா ஆட்டின ஆராய்ச்சி நிலையம் பராமரித்து வருகிறது. கிடாய்கள் குறைந்த மந்தையில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்து வீரியம் குன்றுவதுதான் பெரிய ஆபத்து. எந்தக் கிடாய் எந்தப் பெட்டைக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று டிஎன்ஏ மூலம் அறிந்துகொள்வது, இப்படிப்பட்ட மந்தைக்குத்தான் மற்ற எவற்றையும்விட அவசரம்.

எழுதிவைக்காத வம்சாவளியை டிஎன்ஏ மீட்டுக் கொடுத்த அற்புதமான உதாரணம் இந்தியாவில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் கூமா ஊருக்கு அருகே பூரூலா என்ற பண்ணையின் மெரினோ ஆடுகள், ஒரே ஈற்றில் இரண்டு, மூன்று என்று குட்டி போட்டுப் புகழ் பெற்றன. 2001-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு, வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் வாழும் சிறிய உருவம் கொண்ட கரோல் ஆடுகளிலும் அதே மாற்றம் இருப்பது தெரிந்தது. 1790-களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குக் கப்பலேறிய ஆடுகள்தான் அந்தச் சொத்தைக் கொண்டுபோயிருக்கின்றன. மகாராஷ்டிராவின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அதே மரபணுவைக் கரோலிலிருந்து தக்காணி ஆடுகளுக்குக் கொண்டுவந்தது. குட்டியின் ரத்தத்தைச் சோதித்து எது அந்த மரபணுவைச் சுமக்கிறது என்று பார்த்துத்தான் கிடாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே மாற்றம் நீலகிரி ஆடுகளிலும் இருப்பதைச் சாண்டிநல்லா மந்தையில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

எண்ணும் கண்ணும்

இந்தத் தொழில்நுட்பத்துக்கு எல்லைகளும் உண்டு. மாதிரி எடுக்காத கிடாயை டிஎன்ஏ கண்டுபிடித்துக் கொடுக்காது. பக்கத்து மலைக் கிடாய் சுவர் தாண்டி வந்திருந்தால், அந்தக் குட்டிக்கு நேராகத் தகப்பன் கட்டம் காலியாகவே இருக்கும். செத்துப்போன பெட்டையின் மாதிரி இல்லையென்றால் தாய் கட்டமும் அப்படித்தான். மலையாட்டு மந்தையில் வில்லைகள் அறுந்து விழுவதும் சகஜம்.

அடுத்தது செலவு. மலைக் குட்டிக்குச் சந்தையில் கிடைக்கும் விலை சமவெளிக் குட்டியைவிடக் குறைவு. குட்டிக்கு ஒரு பரிசோதனை, தாய்க்கு ஒன்று, கிடாய்க்கு ஒன்று என்று போட்டால் லாபத்தை அது கரைத்துவிடும். இதற்காகச் சிலர் தாயை விட்டுவிட்டுத் தகப்பனை மட்டும் பார்க்கிறார்கள். சிலர் மந்தையின் ஒரு பகுதியை மட்டும் பதிவுக்கென ஒதுக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் தாயைக் கண்டறிய வேறொரு வழியும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குறுகிய வழியில் மின்னணு வாசிப்பான் பொருத்தி, எந்தத் தாயின் பின்னால் எந்தக் குட்டி திரும்பத் திரும்ப வருகிறது என்று கணக்கெடுப்பார்கள். புல்லிலும் ஓடையிலும் எங்கும் தண்ணீர் கிடைக்கும் வேல்ஸ் மலைகளில் அந்த வித்தை பலிக்காது.

மூன்றாவது எல்லை, ஒரே ஒரு குணத்தைத் துரத்தும் ஆசை. 2001-ல் பிரிட்டன் அரசு ஸ்கிரேப்பி என்ற மூளை நோய்க்கு எதிராகத் தேசியத் திட்டம் தொடங்கி, கிடாய்களின் ரத்தத்தைச் சோதித்தது. நோயை எதிர்க்கும் மரபணு வடிவம் உள்ள கிடாய்களை ஊக்குவித்தார்கள். எளிதில் நோய்வாய்ப்படும் வடிவம் உள்ளவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினார்கள். எதிர்ப்பு வடிவம் அரிதாக இருந்த இனங்களில், இந்தத் தேர்வால் மற்ற நல்ல குணங்களும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது. விலக்கப்படும் மரபணு வடிவங்களின் விந்தைச் சேமித்துவைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். வம்சாவளி முழுவதையும் பார்த்துச் செய்யும் தேர்வுக்கும், ஒற்றை மரபணுவைப் பார்த்துச் செய்யும் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை மலை மேய்ப்பர்கள் அனுபவத்தில் அறிந்த காலம் அது.

அதே ஆண்டில்தான் கோமாரி நோய் பரவி, பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. கம்ப்ரியா மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. ஹெர்ட்விக் போல ஒரே வட்டாரத்தில் குவிந்து வாழும் மலை இனம், ஒரே ஒரு நோயில் தன் ரத்தவழிகளை இழந்துவிடலாம் என்ற பயம் அன்று நிஜமானது. 2014-ல் வெளியான ஒரு டிஎன்ஏ ஆய்வு, ஹெர்ட்விக், ரஃப் ஃபெல், டேல்ஸ்பிரெட் ஆகிய மூன்று மலை இனங்களும் தங்களுக்கென்று தனித்த மரபைக் கொண்டிருப்பதைக் காட்டியது. இழந்தால் வேறெங்கிருந்தும் ஈடுசெய்ய முடியாத சொத்து அது. மந்தையில் எந்தக் கிடாய்வழி தழைக்கிறது, எது அழியும் நிலையில் இருக்கிறது என்று அறிந்தால்தான் அதைக் காக்க முடியும். ஒரு பருவத்தில் விட்ட பல கிடாய்களில் ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பன் என்று பரிசோதனை காட்டும்போது, மேய்ப்பருக்கு அது எச்சரிக்கை.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, மலை மந்தைகளின் டிஎன்ஏ செலவை மேய்ப்பர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அவர் வாங்கும் பரிசோதனையின் பலன் அவர் வேலியோடு நிற்பதில்லை. மலையில் பிறந்த பெட்டைகள் வயதானதும் கீழிறங்கி, அடிவாரப் பண்ணைகளில் கலப்பினக் குட்டிகளுக்குத் தாயாகின்றன. பிரிட்டனின் செம்மறித் தொழில் இந்த அடுக்குமுறையில்தான் நிற்கிறது. மலையில் நல்ல தாய்களைத் தேர்ந்தெடுத்தால் அதன் பயன் கீழே உள்ள ஒவ்வொரு அடுக்குக்கும் போகும். வேல்ஸ் திட்டத்துக்கு வந்த ஐரோப்பிய நிதி, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதோடு நின்றுபோன வகையைச் சேர்ந்தது. அந்த இடத்தை அரசும் இனச் சங்கங்களும் இறைச்சித் தொழிலும் சேர்ந்து நிரப்ப வேண்டும். கிடாய்களை மலையில் விடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுப்பதைச் சங்கங்கள் விதியாக்கலாம். எடுத்த மாதிரிகளை ஒரே இடத்தில் பாதுகாக்கலாம். டிஎன்ஏ உறுதி செய்த பெட்டைவழிகளுக்கும் பதிவேட்டில் இடம் கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அடுத்த நவம்பருக்குள் தொடங்கிவிடக்கூடிய வேலைதான்.